உள்ளங்கை மரமும் அதன் பாத்திரமும்

போன்சாய் என்ற சொல்லை இன்று அறியாதவர் இல்லை. கல்யாண மண்டபத்து வரவேற்பு மேஜையிலும், கம்பெனி ஆபீஸ்களின் முன்கூடத்திலும் அந்தக் குட்டை மரங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் தட்டு, தாம்பாளம் போன்ற ஆழமில்லாத பாத்திரம். 'சாய்' என்றால் நடுதல், பயிரிடுதல். தட்டில் நட்டது, அவ்வளவுதான் பொருள். மரம் என்கிற சொல்லே அதற்குள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாத்திரம்தான் முன்னால் நிற்கிறது. எத்தனை வயதான போன்சாய் ஆனாலும் சரி, அதைத் தூக்கித் தரையில் நட்டுவிட்டால் அந்த நிமிஷமே அது வெறும் மரம்.

இப்படிப் பெயரிலேயே முதலிடம் பெற்ற அந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். அதிலும் குறிப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற சின்னஞ்சிறு மரங்களுக்காக ஜப்பானியக் குயவர்கள் கையாலேயே செய்கிற தொட்டிகளைப் பற்றி.

தொட்டிக்கு அவர்கள் வழங்கும் சொல் 'ஹச்சி'. கேட்டால் நமக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் இதன் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால் பாரத தேசத்துக்கே திரும்பி வந்து சேர்வோம். புத்த பிக்ஷுக்கள் ஏந்திய கலத்துக்கு வடமொழியில் 'பாத்ர' என்று பெயர். பௌத்தம் சீனத்துக்குப் போனபோது சீனர்கள் அந்தச் சொல்லை மூன்று எழுத்துகளில் ஒலிபெயர்த்து எழுதினார்கள். பிற்பாடு முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள். அந்த ஒற்றை எழுத்தே ஜப்பானுக்குப் போய் 'ஹச்சி' ஆயிற்று. முதலில் பிக்ஷுவின் பிச்சைக் கலம், அப்புறம் கிண்ணம், கடைசியில் செடித்தொட்டி. ஆக, மணிமேகலை கையில் இருந்த அமுதசுரபிக்கும், கியோட்டோவில் ஒரு குட்டை மாதுளை நிற்கிற கிண்ணத்துக்கும் பெயர் ஒன்றே. எங்கள் சமண முனிவர்கள் கையையே பாத்திரமாகக் கொண்டு உண்பவர்கள் என்பதால், சமணன் என்ற முறையில் இந்தச் சொல்லில் எனக்குப் பங்கில்லை. ஆனால் நாற்பது வருஷம் பாத்திரக் கடை நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். போன்சாயில் இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற பெரிய மரங்களும் உண்டு. சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்குபவற்றை 'ஷோஹின்' என்கிறார்கள். சிறு பொருள் என்று அர்த்தம். சுமார் 10 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கினால் 'மாமே'. மாமே என்றால் அவரை, மொச்சை போன்ற பயறு. பயறளவு மரம்! அதன் தொட்டி ஒரு எலுமிச்சம்பழ மூடி அளவுக்குத்தான் இருக்கும். சில தொட்டிகளில் ஒரு கைப்பிடி மண்கூடக் கொள்ளாது. இந்தப் பயறு மரங்களில் பெரும் பித்துக் கொண்டிருந்தவர் மத்சுதாய்ரா யோரினாகா என்ற பிரபு. ஜப்பானிய மேல்சபைக்கு 1937 முதல் 1944இல் மறையும் வரை தலைவராக இருந்தவர். நாட்டின் அரசியல் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்த காலத்திலும் அவருடைய பொழுதுபோக்கு விரல் நீள மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்திருக்கிறது.

இந்தத் தொட்டிகளின் விலையைக் கேட்டால் நம்மவர்கள் மூக்கின்மேல் விரல் வைக்கிறார்கள். அச்சில் வார்த்த சாதாரணத் தொட்டி சில நூறு யென்னுக்குக் கிடைக்கும். பெயர் பெற்ற குயவர் கையால் செய்தது பல்லாயிரம் யென். மறைந்துபோன ஒருசில மேதைகளின் தொட்டி லட்சக்கணக்கான யென்னுக்கு விலை போகிறது. 'ஒரு பிடி களிமண்ணுக்கா இவ்வளவு?' என்ற கேள்வி நியாயமானது. வியாபாரி என்பதால் எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. இதற்குப் பதில் வேண்டுமென்றால் தொட்டியின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் அதற்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சமையலறையில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் நன்றாக முக்கி எடுத்து, படுக்கைவசமாகக் கையில் பிடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். நின்றபின் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்ட ஆரம்பிக்கும்! ஸ்பாஞ்சு அதேதான், உள்ளே இருந்த தண்ணீரும் அதேதான். என்ன நடந்தது? எந்தத் தொட்டியிலும் ஓட்டை இருந்தால்கூட அடியில் ஓர் ஈர அடுக்கு வடியாமல் தங்கிவிடும். அந்த அடுக்கின் உயரம் மண்துகளின் பருமனைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது அல்ல. ஒரு பேச்சுக்கு அந்த அடுக்கு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பத்து அங்குல ஆழமுள்ள தொட்டியில் மண்ணில் ஐந்தில் ஒரு பங்குதான் சொதசொதவென்று இருக்கும். மூன்று அங்குலத் தொட்டியிலோ மூன்றில் இரண்டு பங்கு சேறாகிவிடும். வேருக்கும் மூச்சு வேண்டும். சேற்றில் காற்று ஏது? வேர் அழுகும், இலை உதிரும்.

ஆகவே ஆழமில்லாத தொட்டி என்பது பார்வைக்கு அழகு, மரத்துக்கு ஆபத்து. ஜப்பானியர்கள் இந்த முரண்பாட்டை இரண்டு வழியில் சமாளித்தார்கள். ஒன்று, பொடியில்லாமல் சலித்தெடுத்த பரும்பருமனான மண். இதற்கு அவர்கள் பெரிதும் பயன்படுத்துவது டோக்கியோவுக்கு வடக்கே எரிமலைச் சாம்பல் படிவிலிருந்து வெட்டியெடுக்கும் 'அகதாமா' என்ற சிவந்த குருணை மண். மற்றொன்று, தொட்டியின் அடிப்பாகத்தில் காட்டும் கவனம்.

இந்த அடிப்பாகம்தான் விஷயமே. கடையில் தொட்டியை எடுத்தால் நாம் முன்பக்கத்துப் பூச்சையும் பூவையும் பார்ப்போம். விஷயம் தெரிந்தவர் உடனே கவிழ்த்துப் பார்ப்பார். கீழே சின்னச் சின்னக் கால்கள் இருக்கும், மூன்றோ நாலோ. அவை அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. ஓட்டை தரையில் படிந்து அடைபடாமல் அடியில் காற்று போகவும் தண்ணீர் ஓடவும்தான் கால். ஓட்டை போதுமான அளவு பெரிதாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஊசித்துளை மாதிரி வேறு ஓட்டைகளும் இருக்கலாம். அவை மரத்தை மெல்லிய கம்பியால் கட்டி நிறுத்த. ஒரு பிடி மண்ணில் நிற்கிற மரத்தைக் காற்று சுலபமாகப் பிடுங்கிப் போட்டுவிடும் அல்லவா.

பிறகு உட்புறம். களிமண் ஈரமாக இருக்கும்போது கீழிருந்து குத்தி ஓட்டை போட்டால் உள்பக்கம் ஒரு விளிம்பு எழும்பி நிற்கும். அரை மில்லிமீட்டர் எழும்பினாலும் போதும், அந்த உயரத்துக்குத் தண்ணீர் தேங்கும். பெரிய தொட்டியில் அது பொருட்டே இல்லை. இரண்டு சென்டிமீட்டர் ஆழமுள்ள மாமே தொட்டியில் அது மரத்தின் உயிர். நல்ல குயவர் அந்த விளிம்பை விரலால் தடவிச் சமன் செய்து, தரை ஓட்டையை நோக்கி லேசாகச் சரியும்படி விடுவார். மண் மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாத வேலை இது. அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கிற தொட்டியில் இந்த வேலையைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில், கைவேலைக்குக் கொடுக்கிற காசில் பாதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்காகத்தான்.

உள்பக்கத்தில் கண்ணாடிப் பூச்சும் இருக்காது. வெளியே எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே வெறும் மண்சுவர்தான். சொரசொரப்பில் மண்ணும் வேரும் பிடித்து நிற்கும் என்பதற்காக. நம் ஊர்க் கடைகளில் உள்ளும் புறமும் பளபளவென்று, ஓட்டையே இல்லாமல், 'போன்சாய் பாட்' என்று சொல்லி விற்கிறார்கள். அதில் உப்பு போட்டு வைக்கலாம், மரம் வைக்கக்கூடாது. மும்பை போன்ற ஊர்களில் ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அதில் வைத்த மரத்துக்கு ஆவணி மாதம் வராது.

இனி மண். தாராவி கும்பார்வாடாவில் வேகிற பூந்தொட்டியும் நம் வீட்டு மண்பானையும் குறைந்த சூட்டில் வெந்தவை. அவற்றின் சுவரில் நீர் கசியும். கசிந்து ஆவியாவதால்தானே பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. ஊறுகாய் ஜாடி அப்படிக் கசியாது. அது மிகுந்த சூட்டில் வெந்து, மண்ணே பாதி கல்லாகி இறுகியது. போன்சாய்த் தொட்டி இந்த ஜாடி இனத்தைச் சேர்ந்தது, 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல் வேகவைத்தது. காரணம் ஜப்பானின் குளிர். நீரை உறிஞ்சிய தொட்டி பனியில் உறைந்தால், உறைகிற நீர் விரிந்து சுவரைப் பிளந்துவிடும். நமக்கு உறைபனிக் கவலை இல்லை. ஆனால் சுவரே தண்ணீரைக் குடித்து ஆவியாக்கினால் ஒரு பிடி மண்ணில் என்ன மிஞ்சும்? ஷோஹின் மரத்துக்கே கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். மாமே தொட்டிகளை ஈர மணல் பரப்பிய தட்டில் வரிசையாக உட்காரவைப்பது ஜப்பானில் வழக்கம்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கிற இன்னொரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். மரத்தை இப்படி ஒடுக்கி வைப்பது சித்திரவதை இல்லையா? ஓரறிவுயிர் ஆனாலும் உயிர்தானே? கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். ஆனால் பட்டினி போட்டுக் குட்டையாக்குகிறார்கள் என்று நினைப்பது தவறு. பட்டினி போட்டால் மரம் சாகும், குட்டையாகாது. ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, சுருண்டுபோன வேரைக் கத்தரித்து, புது மண் போட்டு மறுபடி அதே தொட்டியில் வைக்கிறார்கள். புது வேர் விடுகிறது, மரம் இளமையாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் தேசியப் போன்சாய்க் காட்சியகத்தில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்ந்துவருவது. ஹிரோஷிமாவில் 1945இல் குண்டு விழுந்தபோது அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஒரு சுவருக்குப் பின்னால் இருந்து பிழைத்து, 1976இல் அன்பளிப்பாக அமெரிக்கா போனது. நானூறு வருஷம் சித்திரவதையில் ஓர் உயிர் நிற்குமா என்று நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால், கொடுமை தொட்டியில் இல்லை. தினமும் தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவர் ஆசைக்கு ஒன்று வாங்கி ஷோகேசில் வைக்கிறாரே, அதில்தான் இருக்கிறது.

செய்முறைக்கு வருவோம். வட்டத் தொட்டியைச் சக்கரத்தில் வனைகிறார்கள். சதுரம், நீள்சதுரம், அறுகோணம் இவற்றுக்கு மண்ணைத் தகடாக அடித்து, கை ஒட்டாத பதம் வந்ததும் வெட்டி, ஓரங்களைக் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டுகிறார்கள். இதற்குத் 'ததாரா' வேலை என்று பெயர். முழு மண்கட்டியை எடுத்து உள்ளே குடைந்து எடுப்பதும் உண்டு, விரலால் கிள்ளிக் கிள்ளியே உருவாக்குவதும் உண்டு. சின்னது என்றால் சுலபம் என்று நினைப்போம். நேர்மாறு! அப்பளம் வெயிலில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் எப்படி வளைகிறதோ அப்படித்தான் மண்தகடும் வளையும். காய்ந்து வேகும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். ஓரடி நீளத் தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் கோணல் யார் கண்ணிலும் படாது. இரண்டு அங்குலத் தொட்டியில் அதே ஒரு மில்லிமீட்டர் பல் துருத்தின மாதிரி தெரியும். பூச்சும் அப்படித்தான். ஒரு சொட்டு கூடுதலாக வழிந்தால் சூளைப் பலகையோடு கால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் தொட்டி போச்சு. அதனால் சின்னத் தொட்டியில் நேர்கோடு பிடித்தவரைத்தான் அந்தத் தொழிலில் கைக்காரர் என்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்குத் தலைநகரம் தோக்கோனாமே. ஐச்சி மாகாணத்தில் சித்தா தீபகற்பத்துக் கடலோர ஊர். ஜப்பானின் ஆறு பழஞ்சூளைகள் என்று போற்றப்படும் சேத்தோ, ஷிகராக்கி, பிசென், தம்பா, எச்சிசென், தோக்கோனாமே என்ற வரிசையில் இதுவும் ஒன்று. 2017இல் இந்த ஆறையும் சேர்த்து ஜப்பானிய அரசு நாட்டின் மரபுச் செல்வமாக அறிவித்தது. இரும்புச் சத்து மிகுந்த செம்மண் இங்கே கிடைக்கிறது. பழங்காலத்தில் ஆளுயரச் சாடிகள் செய்தார்கள். மெய்ஜி காலத்தில் நாடு நவீனமானபோது சாக்கடைக் குழாய்! ஆமாம், நகரங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் வேண்டிய சுட்டமண் குழாய்களை லட்சக்கணக்கில் செய்து அனுப்பியது இந்த ஊர்தான். பழைய குழாய்களை அடுக்கியே கட்டிய சுவர்களோடு ஒரு சரிவுப் பாதை இன்றும் அங்கே இருக்கிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் டோக்கியோவில் கட்டி 1923இல் திறக்கப்பட்ட இம்பீரியல் ஹோட்டலின் மஞ்சள் செங்கல்லும் இந்த ஊர்ச் சரக்கே. 1887இல் கட்டி 1974 வரை எரிந்த ஒரு ஏறுசூளையை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எட்டு அறைகள், பத்துப் புகைப்போக்கிகள்.

சாக்கடைக் குழாய் செய்தவர்களுக்கும் போன்சாய்க்கும் என்ன உறவு என்று கேட்கலாம். குழாய்க்கு வேண்டியது என்ன? கோணாத சுவர், வெடிக்காத மண், சீரான சூடு. தொட்டிக்கு வேண்டியதும் அதுவே. சிமெண்ட்டும் பிளாஸ்டிக்கும் வந்து குழாய்த் தொழில் படுத்தபோது அந்த ஊரின் கைத்திறன் வீணாகவில்லை. தேநீர்க் கெண்டியிலும் போன்சாய்த் தொட்டியிலும் வாழ்கிறது. ஒரு ஊரின் கைவேலை எந்த வாசல் வழியாகப் போய் எந்த வாசல் வழியாக வரும் என்று சொல்ல முடியாது பாருங்கள்.

தொட்டி செய்யும் வித்தையில் ஜப்பானியருக்கு ஆசான் சீனர்கள். ஜியாங்சு மாகாணத்தில் யிஷிங் என்ற ஊரின் ஊதாக் களிமண்ணில் செய்த தொட்டிகள்தான் வெகுகாலம் உயர்ந்தவையாகக் கருதப்பட்டன. ஜப்பானிய வியாபாரிகள் அவற்றைக் கடல் கடந்து வந்த காலத்தை வைத்தே மூன்றாகப் பிரித்தார்கள்: மிகப் பழையது 'கோவதாரி', இடைக்காலத்தது 'நகாவதாரி', 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தது 'ஷிந்தோ'. பழைய வரவு, நடு வரவு, புது வரவு என்று நம் கடைக் கணக்கில் எழுதுவது போலத்தான். செய்தவன் பெயர் தெரியாவிட்டால் சரக்கு வந்த தேதியாவது தெரிய வேண்டும் என்பது வியாபார புத்தி.

அப்படி வந்த பூச்சு வகைகளில் ஒன்றுக்குக் 'கோச்சி' என்று பெயர். பச்சை, மஞ்சள், ஊதா என்று கண்ணைப் பறிக்கும். நம் மலையாளக் கரைக் கொச்சியோ என்று நான் ஆவலோடு தேடினேன். இல்லை. வியட்நாமின் வடபகுதிக்குச் சீனர்கள் வைத்திருந்த பழம்பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு அது. அந்தப் பக்கத்து வியாபாரக் கப்பல்களில் வந்ததால் சரக்குக்கு அந்தப் பெயர், செய்ததென்னவோ தென்சீனத்தில். ஆனால் இங்கேயும் நம் கொச்சிக்கு ஒரு வேஷம் உண்டு. அந்த வியட்நாம் பெயரும் போர்ச்சுகீசியர் காதில் கொச்சி என்றே விழுந்ததால், இந்தியக் கொச்சியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க 'கொச்சின் சைனா' என்று பெயரை நீட்டினார்கள்.

சீனத் தொட்டிக்கு ஈடாக, சிறு மரத்துக்கென்றே தொட்டி செய்து பெயர் பெற்ற ஜப்பானியர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கியோட்டோவைச் சேர்ந்த மிசுனோ கிசாபுரோ. 1890இல் பிறந்து 1970இல் மறைந்தவர். தோஃபுகுஜி என்ற பெரிய புத்த ஆலயத்தின் அருகே வசித்ததால் 'ஹெயான் தோஃபுகுஜி' என்ற பெயரைத் தம் தொட்டிகளில் பொறித்தார். ஹெயான் என்பது கியோட்டோவின் பழம்பெயர். பெரும் ஏழை. சொந்தச் சூளை கிடையாது. அந்தக் காலத்தில் கியோட்டோவில் பல குயவர் குடும்பங்கள் ஒரே ஏறுசூளையைப் பங்கிட்டுக் கொள்வது வழக்கம். மற்றவர்கள் தங்கள் சாமான்களை அடுக்கியபின் மிஞ்சிய சந்துபொந்துகளில் இவர் தம் குட்டித் தொட்டிகளைச் செருகி வைப்பாராம். சூளையில் எந்த மூலை கிடைக்கும், அங்கே சூடு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் ஒரே பூச்சு ஒன்றில் ஆழ்ந்த பச்சையாகவும் இன்னொன்றில் மேகம் படிந்தாற் போலவும் வந்தது. இவர் தொட்டியில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்று இன்று கொண்டாடுகிறார்களே, அதில் பாதி வறுமை செய்த வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. உயிரோடு இருந்தவரை காசு பார்க்காதவர். இன்று மிக அதிக விலைக்குப் போகும் ஜப்பானியத் தொட்டிகளில் அவருடையவையும் உண்டு, போலிகளும் ஏராளம்.

அவர் மறைந்த காலத்தை ஒட்டி, 1970களின் தொடக்கத்தில், புகைக் கட்டுப்பாடு வந்து கியோட்டோ நகருக்குள் விறகுச் சூளைகள் அணைந்துபோயின. கவாய் கன்ஜிரோ என்ற புகழ்பெற்ற பீங்கான் கலைஞரின் வீடு 1973 முதல் காட்சியகமாக இருக்கிறது. அவர் பயன்படுத்திய ஏறுசூளை அந்த வீட்டின் பின்கட்டில் குளிர்ந்து கிடக்கிறது. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் நல்ல தொட்டி வருகிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் சூளையில் சந்து கிடைத்தால் போதும் என்று ஒருவர் காத்திருந்த வாழ்க்கை அதோடு முடிந்தது.

தொட்டிக்கும் மரத்துக்கும் பொருத்தம் பார்ப்பது தனிச் சாஸ்திரம். 'ஹச்சி-உத்சுரி' என்பார்கள். பைன் போன்ற பசுமை மாறா மரத்துக்குப் பூச்சில்லாத செம்மண் அல்லது பழுப்புத் தொட்டி. இலையுதிர்க்கும் மேப்பிளுக்கும், பூப்பது காய்ப்பதற்கும் பூச்சுப் போட்டது. சிவந்த பழம் தொங்குகிற மரத்துக்கு நீலமோ பச்சையோ எடுப்பாக இருக்கும். தொட்டியின் ஆழம் அடிமரத்தின் பருமன் அளவு, நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று ஒரு பொது விதி. சிறு மரத்தில் இந்த விதி தளரும். ஈரம் நிற்க வேண்டுமே என்று கொஞ்சம் ஆழமான தொட்டியே வைப்பார்கள். பெரிய மரத்துக்கு வைத்தால் பகட்டு என்று ஒதுக்கிவிடும் நிறமும் சித்திரமும் இங்கே ஏற்கப்படுகின்றன. கியோட்டோவின் த்சுகினோவா யூசென் என்பவர் இரண்டு மூன்று அங்குலத் தொட்டியின் நான்கு பக்கமும் மலை, படகு, மனிதர் என்று நுணுக்கமாக எழுதிப் புகழ் பெற்றவர்.

இவ்வளவு விதம் எதற்கு என்றால், ஷோஹின் மரங்களைத் தனித்தனியாகக் காட்சிக்கு வைப்பது குறைவு. நம் நவராத்திரி கொலுப்படி மாதிரி, ஆனால் சிறியதாக, ஒரு மரச்சட்டத்தில் ஐந்தாறு மரங்களை மேலும் கீழுமாக வைக்கிறார்கள். உச்சியில் பெரும்பாலும் பைன். அந்தச் சட்டத்தில் ஒரு தொட்டியின் வடிவமோ நிறமோ இன்னொன்றில் திரும்பி வரக்கூடாது. ஒவ்வொரு ஜனவரியிலும் கியோட்டோவில் நடக்கும் 'கஃபு-தென்' கண்காட்சி இதற்கென்றே உள்ளது. 1934 முதல் டோக்கியோவில் நடந்துவரும் 'கோகுஃபு-தென்' போன்சாய் உலகின் பெரிய திருவிழா. அங்கேயும் சிறு மரங்களுக்குச் சட்டம் உண்டு. அதனால் ஐந்து மரம் வளர்ப்பவரிடம் ஐம்பது தொட்டி இருப்பது அங்கே சாதாரணம். அன்றாடம் வளர்க்க ஒன்று, கண்காட்சிக்கு ஒன்று. பெண்ணுக்கு வீட்டுச் சேலை வேறு, கல்யாணச் சேலை வேறு என்பது போல.

நம் குடும்பங்களில் பால்கனியில் மரம் வைத்திருப்பவர்கள் யாராவது ஜப்பான் போகிற பிள்ளைகளிடம் தொட்டி வாங்கிவரச் சொன்னால், நான் மேலே சொன்ன மாதிரி முதலில் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை, கால், உள்விளிம்பு. அடியிலோ காலின் ஓரத்திலோ குயவரின் முத்திரை இருக்கும். முத்திரை இருப்பதாலேயே அசல் என்று நம்பிவிடக் கூடாது, முத்திரையைச் செய்வதுதான் எல்லாவற்றிலும் சுலபம். சமதரையில் வைத்து விரலால் தட்டினால் ஆடக்கூடாது. சுண்டினால் கிணுங்கென்று கேட்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல். வாய் உள்பக்கம் வளைந்த தொட்டி பார்க்க அழகு, மண் மாற்றும்போது வேரை வெளியே எடுக்க விடாது, அதை விட்டுவிடலாம். பெயர் பெற்றவர் செய்தது என்றால் மெல்லிய மரப்பெட்டியில் வைத்து, மூடியில் செய்தவரே கையெழுத்திட்டிருப்பார். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டால் மறுவிற்பனையில் பாதி மதிப்பு போய்விடும். மும்பையில் உபயோகிக்கப் போகிறவர்களுக்குப் பெயரில்லாத தோக்கோனாமே தொட்டியே தாராளமாகப் போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பல வருஷம் மரம் வளர்ந்த தொட்டியின் வெளிச்சுவரில் நீரும் மண்ணும் வெயிலும் கைபட்ட எண்ணெயும் சேர்ந்து மங்கலான ஒரு பளபளப்பு ஏறும். ஜப்பானியர் அதை 'ஜிதாய்' என்கிறார்கள். யுகம், காலம் என்று அர்த்தம். புதுத் தொட்டியை விட ஜிதாய் ஏறிய தொட்டிக்கு விலை அதிகம், அதை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி. எங்கள் கடையில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து மின்ன வைத்தால்தான் விற்கும். அந்தப் பழக்கத்தில், பிள்ளை வாங்கி வந்த பழைய தொட்டியை அழுக்காக இருக்கிறதே என்று புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிடாதீர்கள்.